கேட்காரி

ஒன்பதரைக்கு வந்தது அன்றைய சீட்டு.
தினம் ஒன்றாய் அவிழ்த்துவிடுகிறார்கள்,
தீபாவளிக்கு முந்தின வாரம் சரத்தைப் பிரித்து
ஒற்றை ஒற்றையாய் வெடித்துப் பார்க்கிற பையன்களைப் போல.

ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல்,
கண்ணீர் அஞ்சலிக்கு யாரோ ஒருவரின் முகத்தைப்
பெரிதாக்கின நகல்,
எல்லாம் முடிந்தும் சூடு ஆறாத மெஷினில்
போனிலிருந்து அனுப்பி எடுத்தேன்:
கறுப்பு வெள்ளையில் ஒருத்தி,
கையில் விளக்கு, முதுகுக்குப் பின்னால் கோட்டைக் கதவு.
போட்டிருந்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.
கொருக்குப்பேட்டையில் வழியை அடைப்பவளுக்கு
வேறென்ன பெயர்.
கேட்காரி என்றான் தனகோட்டி. ஆகட்டும்.

விலை நான்கு விளக்கு. வலு ஒன்று. உயிர் ஏழு.
அடியில் பொடி எழுத்தில்:
இவள் நிற்கும்வரை
முறைக்கு ஒரு சீட்டுக்கு மேல் யாரும் இறக்கக் கூடாது.

யாரும் என்றால்?
ரூபன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தான்.
இறக்கினவனும்தான்.
"காசு குட்த்து நம்ம காலை நாமே கட்டிக்கிறதா?
பாக்கெட்ட ரொப்ப வெச்ச சீட்டுக்கா இது."
ஷம்ஷாத் பேசவில்லை. விரல் மட்டும் ஓடிற்று.
நான்கு விளக்குக்கு இரண்டு ஓநாய் வரும்,
இல்லை ஒரு பீரங்கி, மீதி ஒரு விளக்கு.

என் நோட்டில் ஐந்துக்கு இவ்வளவு என்று போடுவேன்,
யாரும் கேட்காத வேலை.
ஒன்றரை என்று போட்டேன்.

மூடும்போது பழைய பக்கம் ஒன்று கண்ணில் பட்டது.
போன வருஷம் உப்புத் தவளைக்கு ஒன்று.
ஒன்றே ஒன்று போட்டு, நாற்பது ரூபாய்க்கு
மின்ட் தெருப் பையன் ஒருவனுக்குத் தள்ளிவிட்டேன்.
இன்றைக்கு அந்தத் தவளை இந்தக் கடையின்
கரண்ட் பில்லைக் கட்டும்.

வெளியே கேட் விழுந்தது.
சரக்கு வண்டி. இன்ஜின் எப்போதோ போய்விட்டது,
பெட்டிகள் மட்டும் முடியாமல் வந்துகொண்டிருந்தன.
ஷட்டருக்கு அடியில் தெரிந்தவரைக்கும் பார்த்தேன்:
லாரி டயர், ஆட்டோ டயர்,
தரையைத் தட்டித் தட்டி அவசரப்படும் ஒரு ஷூ,
மீன்பாடி வண்டியின் சக்கரம்,
பக்கத்தில் கழற்றிப் போட்ட ஒரு ஜோடி செருப்பு.
கால்கள் எங்கேயோ மேலே படுத்திருக்க வேண்டும்.

தனகோட்டி காகிதத்தை வெட்டி
பழைய சீட்டு ஒன்றின் முன்னால் உறைக்குள் செருகினான்.
"கைல ஒண்ணே ஒண்ணு வெச்சினுக்கிறவனுக்கு
இது இன்னாக்கா தடை?"

அவன் கை அப்படித்தான்,
ஆறாவது முறைக்குள் காலி.
எடுப்பான், இறக்குவான்; எடுப்பான், இறக்குவான்.
ஹார்பரில் கன்டெய்னருக்கு சீல் போடுகிறான், நாள் கூலி.
சேர்த்துவைக்கிற பழக்கம் சீட்டிலும் வரவில்லை.
ரூபன் கை விசிறி.
பொறுத்திருந்து ஒரே மூச்சில் ஐந்து இறக்கி
எழுந்து நின்று வணக்கம் வைப்பான்.

ஆடிப் பார்த்தார்கள்.
முதல் ஆட்டம், கேட்காரி கட்டின் அடியில் தூங்கினாள்.
தனகோட்டி தோற்றான்.
இரண்டாவதில் வந்தாள், வந்த மறுமுறையே பீரங்கி தின்றது.
மூன்றாவதில் நின்றாள்.
ரூபன் கையில் ஒன்பது சீட்டு.
ஒன்பதும் நல்ல சீட்டு.
அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க
அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில்
ஷம்ஷாத் டீ வாங்கி வந்துவிட்டாள்.
எதிரே இவன் எடுத்தான், இறக்கினான்,
தன் பாட்டுக்கு.

யார் ஜெயித்தது என்று சொன்னால்
நீங்கள் அதை வைத்து மதிப்பெண் போடுவீர்கள்.
மூன்று ஆட்டமெல்லாம் ஒரு கணக்கா
என்று ஷம்ஷாத் கேட்டது நியாயம்.
அசல் சீட்டு கைக்கு வர இன்னும் ஆறு வாரம்.
அதற்குள் கதவை உடைக்கிறவன் ஒருவனை
அவிழ்க்காமலா விடுவார்கள்.

ஒன்றரையை அடித்தேன்.
மேலே இரண்டேமுக்கால் எழுதி, அதையும் அடித்தேன்.
மை கசிந்து
அடுத்த பக்கத்தில் நாளைய சீட்டுக்கு
இப்போதே ஒரு புள்ளி விழுந்திருக்கிறது.

உறையைப் பிரிக்காமலே கட்டைப் பையில் போட்டு
தனகோட்டி ஷட்டருக்கு அடியில் குனிந்தான்.
நகலுக்கு ரெண்டு ரூபாய் என்றேன்.
நாளைக்கு என்றான்.
கேட் இன்னும் திறக்கவில்லை.